காத்துக்குக் காசா?

பி.காம். படித்தவனுக்கு உறவுக்காரர்கள் மத்தியில் ஒரு கெட்ட பெயர் உண்டு. எந்தப் பொருளாக இருந்தாலும் விசாரித்து, சரியான விலைக்கு வாங்கி வந்துவிடுவான் என்பது. பட்டுப் புடவையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் நார் வரை, "அவர்தான் காமர்ஸ் ஆச்சே, அவரையே கேளுங்க!" கணக்கு எழுதப் படித்தவன் வேறு, கத்தரிக்காய் வாங்கத் தெரிந்தவன் வேறு என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறேன். யாரும் நம்புவதாக இல்லை.

அப்படித்தான் 2025 மே மாதம் ஒரு ஏர் கம்ப்ரஸர் வாங்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

காரணம், என் மாமனார். வயது 74. சாதுவான மனிதர். அவருக்கும் உலகத்துக்கும் நடுவே ஒரே ஒரு தகராறுதான். ப்ராஸ்டேட். முக்கால் மணிக்கு ஒரு தரம், "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து போயாக வேண்டும். ஒரு முறை பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சி, ஐம்பது பேர் ஜன்னல் வழியாகப் பார்க்கப் புதரோரம் போய் வந்தார். அன்றோடு வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு கும்பிடு. ரயிலில் போகலாமே என்பீர்கள். அவர் எழுந்து போகும்போதெல்லாம் உள்ளே வேறு ஒருவர் குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பார். ஆறு வருஷமாக மனிதர் செங்கல்பட்டைத் தாண்டவில்லை.

ஆனால் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. 1961-ல், பத்து வயசுப் பையனாக, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தனுஷ்கோடி போயிருக்கிறார். தலைமன்னார் கப்பலில் சிலோன் போன சித்தப்பாவை வழியனுப்ப. 1964 டிசம்பர் புயலில் அந்த ஊரே போய்விட்டது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையும் கடல் கொண்டுபோய்விட்டது. மாமனார் மனசுக்குள் மட்டும் அந்த ஸ்டேஷன் ஒரு செங்கல் பெயராமல் நிற்கிறது. "ஒரு தடவை பாத்துட்டா போதும் மாப்பிள்ளை" என்பார். உடனே, "அது எங்க முடியும்?" என்று அவரே முடித்தும் வைத்துவிடுவார்.

வழி கண்டுபிடித்தவன் என் மைத்துனன். அவனுடைய சிநேகிதர் ஒருவர் ஒரு டீசல் வேனை முறைப்படி மாற்றி, ஓடும் வீடாக்கி வைத்திருந்தார். நமக்குப் புரிகிற பாஷையில் கேரவன். கேரவன் என்றதும் உங்களுக்கு ஷூட்டிங் ஸ்பாட்டும், ஹீரோயின் இறங்கி வருகிற மூன்று படியும் ஞாபகம் வரும். இது அந்த ஜாதியில்லை. இரண்டு படுக்கை, காஸ் அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ், நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஒரு டாய்லெட். மாமனார் மற்ற எதையும் பார்க்கவில்லை. அந்தக் கடைசிக் கதவை மட்டும் திறந்து பார்த்தார். மூடினார். "எப்பக் கிளம்பறோம்?"

வண்டிக்காரர் வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"டயரை மட்டும் பாத்துக்குங்க ஸார். மத்த வேன்ல ஆள் இறங்கினா பாரம் இறங்கிடும். இதுல வீடே மேல உக்காந்திருக்கு, எப்பவும் ஃபுல் லோடு. பின் சக்கரத்துல 60 இருக்கணும். கூட ஒரு காத்து மெஷின் வச்சுக்குங்க."

வேலை பிரிக்கப்பட்டது. வண்டி ஓட்டுவது மைத்துனன். (அவன் ஆபீஸ் லீவு லெட்டரில் 'தவிர்க்க முடியாத குடும்ப விசேஷம்' என்று எழுதினான். மானேஜர், "போன மாசமும் இதே விசேஷம்தானே?" என்றாராம்.) சமையல் மாமியாரும் என் மனைவியும். காற்று, நான்.

வாங்கினேன். விலை 1,899 ரூபாய். உள்ளங்கை அகலம். பெட்டியின் மேல் பாலைவனத்தில் ஒரு ஜீப். அதன் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் '150 PSI'. என் காமர்ஸ் மூளை உடனே வேலை செய்தது. நமக்குத் தேவை 60. இது தருவது 150. ஆக 90 PSI நிகர லாபம்! இதற்கு மேல் என்ன விசாரிப்பது?

கிளம்புகிற அன்று விடியற்காலை கம்ப்ரஸருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. குனிந்து பழத்தை வைத்தவன், அப்படியே டயரில் காற்று எவ்வளவு என்று பார்த்திருக்கலாம். தோன்றவில்லை.

* * *

திருச்சி தாண்டி மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோதுதான், பொறுப்புள்ள காற்றுத் துறை அமைச்சராகக் கேஜை எடுத்தேன். முன் சக்கரம் இரண்டும் சரி. பின்னால் வலது சரி. பின்னால் இடது, 48. காலையிலிருந்து ஓடிய சூட்டில் அளவு ஏறியிருக்க வேண்டும், இது இறங்கியிருக்கிறது.

கம்ப்ரஸரை எடுத்தேன். பிளக்கை டிரைவர் பக்கத்து சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகினேன். ஒயர் மூன்று மீட்டர். காற்றுக் குழாய் அரை மீட்டர். ஜன்னல் வழியாக வெளியே விட்டு, பின் சக்கரத்தை நோக்கி நடந்தேன். பாதி தூரத்தில் ஒயர் விறைத்து நின்றுவிட்டது. கயிறு எட்டாத கிணற்றில் வாளியைத் தொங்கவிட்டவன் மாதிரி நின்றேன். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் ஜம்மென்று எட்டியது. அவற்றுக்குத்தான் காற்று தேவைப்படவில்லை.

"என்ன அத்தான், அடிச்சாச்சா?" என்று மைத்துனன் கேட்டான்.

இந்த இடத்தில் நான் செய்ததை வாசகர்களாகிய உங்களிடம் மறைக்கக் கூடாது. 'ஒயர் எட்டவில்லை, முதல் பெட்ரோல் பங்க்கில் நிறுத்து' என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், "விசாரிச்சு வாங்கலையா?" என்று ஒரு கேள்வி வரும். நான் சொன்னது இது: "ம்... கொஞ்சம் கம்மி. ராமநாதபுரத்துல பாத்துக்கலாம்."

காற்று குறைந்த டயர் சும்மா தொங்குவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கச் சுவர் பிதுங்கி மடங்கி நிமிர்கிறது. மடங்க மடங்கச் சூடு. மே மாத ரோடும் சேர்ந்து சூடு. அதன் மேல் ஒரு வீட்டின் எடை. வெடிக்கும் டயர்களில் பல இப்படித்தான் வெடிக்கின்றன. இது எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு, புதுக்கோட்டை, காரைக்குடி என்று ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன்.

தேவகோட்டை தாண்டி ராத்திரி ஒன்பதரை. பின்பக்கம் டப்... டப்... டப். நல்லவேளையாக மைத்துனன் அப்போது ஒரு வளைவுக்காக நாற்பதில்தான் வந்துகொண்டிருந்தான். ஓரம் கட்டினான். இடது பின் டயர் தரையோடு தரை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓர் ஆணி. எண்பதில் போகும்போது இது நடந்திருந்தால்? உள்ளே எட்டிப் பார்த்தேன். என் ஆறு வயது மகள் தாத்தாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே யோசிக்கவில்லை. யோசிக்க முடியவில்லை.

"ஸ்டெப்னி இருக்கே, எதுக்குப் பயம்?" என்றான் மைத்துனன். ஸ்டெப்னி இருந்தது. கேஜ் வைத்தேன். 20.

கிளம்புமுன் நாலு டயருக்கே காற்றுப் பார்க்காதவன் ஐந்தாவதற்கா பார்த்திருப்பான்?

சரி, சக்கரத்தையே முன் கதவுக்கு உருட்டி வந்தேன். இப்போது ஒயர் எட்டியது. பொத்தானை அழுத்தினேன். தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். எட்டு நிமிஷம் ஆயிற்று. முள் 38-க்கு வந்தது. மெஷின் தோசைக்கல் மாதிரி கொதித்தது, தானாகவே நின்றுவிட்டது. குறிப்புத் தாளை அப்போதுதான் பிரித்தேன். எறும்புக்கு எழுதிய எழுத்தில், 'எட்டு நிமிடம் ஓடினால் இருபது நிமிடம் ஓய்வு தரவும்.' இருபது நிமிஷம் யார் காத்திருப்பது? மூன்று நிமிஷத்தில் மறுபடி அழுத்தினேன். 'படக்.' ஃப்யூஸ் போயிற்று. அதோடு அந்த ஓட்டையில் செல்போன் சார்ஜ் ஏறுவதும் நின்றது.

"38-லயே மெதுவா உருட்டிட்டுப் போயிடலாமா அத்தான்?"

"வேண்டாம்பா" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மையான வார்த்தை.

மாமனார் மட்டும் நிம்மதியாக இருந்தார். மடக்கு நாற்காலியைப் போட்டு ரோட்டோரம் உட்கார்ந்து, "1961-லயும் ரயில் லேட்டுதான் மாப்பிள்ளை" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

கால் மணி நேரம் கழித்து எதிரே கரி மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் இறங்கினார். கரி எது, அவர் எது என்று இருட்டில் தெரியவில்லை. என் மெஷினை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, கொசு மருந்து அடிக்கிறதா?"

"காத்து அடிக்கிறதுண்ணே. 150 PSI."

"அடிச்சுச்சா?"

பதில் சொல்லவில்லை.

அவர் தன் லாரியில் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு நீளக் குழாயை உருவினார். கனரக லாரிக்கு பிரேக்கே காற்றில்தான். எஞ்சின் ஓடும்போதே கூடவே ஒரு கம்ப்ரஸர் ஓடி, டாங்கில் சுமார் 8 பார், அதாவது 115 PSI அளவுக்குக் காற்றைச் சேர்த்து வைத்திருக்கும். என் தலைக்கு மேல் லாரி லாரியாகக் காற்று போய்க்கொண்டிருந்த ரோட்டில்தான் நான் ஃப்யூஸை எரித்திருக்கிறேன்.

"டயர் முகத்துக்கு நேரா நிக்காத தம்பி, தள்ளி நில்லு. வெடிச்சா அந்தப் பக்கம்தான் வரும்" என்று என்னை நகர்த்திவிட்டு அடித்தார். மூன்று நிமிஷத்தில் 60. ஜாக்கி போட்டு மாட்டவும் அவரே கை கொடுத்தார்.

"எவ்வளவுண்ணே?" என்று பர்ஸை எடுத்தேன்.

"காத்துக்குக் காசா?" என்று சிரித்தார். பல் மட்டும் வெள்ளை. "பெரியவர நல்லபடியா கூட்டிட்டுப் போ. ஊருக்குப் போனதும் இந்த மெஷினை வாசல்ல வச்சு நாலு சக்கரத்துக்கும் அடிச்சுப் பாரு. அங்க அடிச்சாத்தான் இங்க அடிக்கும்."

மாமியார் கொடுத்த முறுக்குப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ராமநாதபுரத்தில் பங்க்சர் ஒட்ட வண்டியை விட்டோம். ஒட்டுகிறவர் டயரைக் கழற்றி, உள்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "தரையோட ரொம்ப தூரம் ஓட்டல, தப்பிச்சுது" என்றார். தனுஷ்கோடிக்கு இப்போது அரிச்சல்முனை வரை தார் ரோடு உண்டு. மணலில் உருண்ட காலம் 2017-லேயே போயிற்று. இடிந்த சர்ச்சைத் தாண்டி, ஸ்டேஷன் இருந்த இடத்துக்கு மாமனார் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒன்றும் பேசவில்லை. ஓர் இடத்தில் நின்று, "இங்கதான் அப்பா வேர்க்கடலை வாங்கிக் குடுத்தார்" என்றார். ஒன்றே கால் மணி நேரம் அங்கே இருந்தோம். கதவைத் திறந்து தயாராக வைத்திருந்த வண்டிப் பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

* * *

சென்னை திரும்பியதும் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். மோட்டார் சாமான் கடை வரிசையில் ஒரு வயசான கடைக்காரர். "காத்து மெஷின் வேணும்" என்றேன். விலையைச் சொல்லாமல் கேள்வி கேட்க ஆரம்பித்தார். இன்டர்வியூ மாதிரி இருந்தது. வேனோ கேரவனோ எடுத்துக்கொண்டு கிளம்பும் உத்தேசமுள்ள இளைஞர்கள் அந்தக் கேள்விகளைக் குறித்துக்கொள்வது நலம்.

ஒன்று, எத்தனை லிட்டர்? பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுவது அழுத்தம். அதாவது, மெஷின் திணறித் திணறி எட்டக்கூடிய உச்சம். எவ்வளவு நேரத்தில் எட்டும் என்பதைச் சொல்வது நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்கிற கணக்கு. இது எனக்குப் பிடித்த பாடம். எங்கள் வேன் டயரின் உள்ளே சுமார் 45 லிட்டர் இடம். காற்று மண்டலத்தின் அழுத்தம் 14.7 PSI. ஆக, டயரில் ஏறக்குறைய 15 PSI ஏற்ற ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து 45 லிட்டர் காற்று உள்ளே போக வேண்டும். 20-லிருந்து 60-க்கு என்றால் 120 லிட்டருக்கு மேல். இதை முன்பே எழுதிப் பார்த்திருந்தால் 1,899 ரூபாய் மிச்சம். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியில் போடும் லிட்டர், எதிர்ப்பே இல்லாமல் சும்மா ஊதும்போது வருவது. டயர் 50-ஐத் தாண்டும்போது அதில் பாதிகூட வராமல் போகலாம்.

இரண்டு, எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கும்? எத்தனை நிமிஷம் ஓடலாம், எத்தனை நிமிஷம் ஓய்வு என்பது குறிப்புத் தாளில் இருக்கும். எறும்பு எழுத்தாக இருந்தாலும் கடையிலேயே படியுங்கள். காரின் நாலு டயரில் ஆளுக்கு 3 PSI ஏற்றச் சின்ன மெஷின் போதும். வேன் என்றால் அதற்கே வேனிட்டி வேன் தேவைப்படும்.

மூன்று, கரன்ட் எங்கிருந்து? சிகரெட் லைட்டர் ஓட்டையின் ஃப்யூஸ் பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர். 12 வோல்ட்டில் அது 120 முதல் 180 வாட். ஒரு மிக்ஸியை ஓட்டக்கூடக் காணாது. பெரிய கம்ப்ரஸர் 25 ஆம்பியருக்குக் குறையாமல் கேட்கும். அதனால் அது பாட்டரியிலேயே இரண்டு கிளிப் மாட்டி ஓடும். அடிக்கும்போது எஞ்சின் ஓடட்டும், வண்டி திறந்தவெளியில் நிற்கட்டும். பஸ் சேஸிஸில் கட்டிய பெரிய கேரவன் என்றால் 24 வோல்ட்டாக இருக்கலாம். 12 வோல்ட் மெஷினை அதில் மாட்டினால் தீபாவளி.

நான்கு, எட்டுமா? டேப்பை எடுத்துப் பாட்டரியிலிருந்து கடைசிச் சக்கரம் வரை அளந்துகொண்டு போங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் என்றால், உள் சக்கரத்து வால்வுக்குக் குழாயின் தலை நுழையுமா என்றும் பாருங்கள்.

ஐந்து, கேஜ். மெஷினில் உள்ள முள், காற்று ஓடும்போது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். நிறுத்திவிட்டுத் தனிக் கேஜில் பாருங்கள். அளவு பார்க்க வேண்டியது காலையில், வண்டி ஓடுவதற்கு முன். 60 இருக்கிற டயரில் 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய இரண்டரை PSI ஏறும். ஓடி வந்த டயரில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலை குறைந்து நிற்கும்.

சார்ஜ் செய்துகொள்ளும் பாட்டரி ரகத்தைக் காட்டி, "இது?" என்றேன். "பைக்குக்கும் காருக்கும் பேஷா போதும் ஸார். வேனுக்கு ரெண்டாவது டயர்லயே தூங்கிடும். வெயில்ல பூட்டின வண்டிக்குள்ள விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றார்.

கடைசியில் வாங்கியது, பாட்டரியில் கிளிப் மாட்டும் ரகம். எட்டு மீட்டர் சுருள் குழாய். 7,500 ரூபாய். பழைய 1,899-ஐ 'அனுபவம்' என்ற தலைப்பில் எழுதித் தள்ளிவிட்டேன். தேய்மானம் நூறு சதவிகிதம்.

1888-ல் பெல்ஃபாஸ்ட்டில் காற்று டயருக்குப் பேடன்ட் வாங்கிய டன்லப், எஞ்சினியர் இல்லை; மாட்டு டாக்டர். பையனின் மூன்று சக்கர சைக்கிள் தடதடவென்று ஆடாமல் போக வேண்டும் என்று செய்து பார்த்தது அது. வீட்டில் ஒருவருக்காகச் செய்கிற காரியத்தை வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்த்தார் மனிதர். நான் சந்தனம் வைத்தேன்.

இப்போது லாரிக்காரர் சொன்னபடி செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் மைத்துனனின் காரில் கிளிப்பை மாட்டி, மெஷினை ஓட விடுகிறேன். சத்தம் கேட்டு முதலில் வாட்ச்மேனின் சைக்கிள் வந்தது. அடுத்து பால்காரர். இரண்டாவது மாடி பாங்க் ஆபீஸரின் ஸ்கூட்டர். இப்போது ஏழு மணிக்கெல்லாம் வரிசை நிற்கிறது. குழாய் என் கையில். கேஜ் மாமனார் கையில். முக்கால் மணிக்கு ஒரு தரம், "இதோ வந்துட்டேன்" என்று கேஜை மட்டும் யாரிடமும் தராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய் வருகிறார்.

போன வாரம் புதிதாகக் குடிவந்த பையன் ஒருவன், பைக்குக்குக் காற்று அடித்துக்கொண்டு பத்து ரூபாயை நீட்டினான். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"காத்துக்குக் காசா? போப்பா!"